பசுந்தாள் விதைக்கடை, கோபி பக்கம்: தக்கைப்பூண்டுக்கு தாராளமா போலாம்

கோபி (கோபிச்செட்டிபாளையம்) பக்கம் பசுந்தாள் உர விதை, அதாவது வளத்து பச்சையாவே மண்ணுல மடக்கி உழுது உரமாக்கற பயிரோட விதை, விக்கிற ஒரு சின்னக் கடைல தக்கைப்பூண்டு, சணப்பை, கொழுஞ்சி மூணும் வாங்குனோமுங்க. தக்கைப்பூண்டு அருமை, வாய்க்கா பாசனத்துல உப்பு பூத்துக் கெடந்த வயல்ல ஏக்கருக்கு 20 கிலோ விதைச்சோம், சீரா முளைச்சு நெஞ்சு உசரம் வந்துருச்சு, பூ எடுக்கற பருவத்துல, ஒரு 45 நாள் வாக்குல, ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழுதாச்சு, அதுக்கு மேல விட்டா தண்டு நாராகி மக்கறதுக்கு லேட்டாகும். சணப்பைய தென்னைக்கு நடுவால விட்டோம், களைய நல்லா அமுக்குது, வெயில் நேரா மண்ணுல படாததால ஈரமும் நிக்குது. தண்ணி தேங்கற எடத்துக்கு மட்டும் சணப்பை வேண்டாமுங்க, அங்க தக்கைப்பூண்டே போடுங்க.

கொழுஞ்சில தான் கடைக்காரர் மேல எனக்கு வருத்தம். அது தோல் கெட்டியான விதை, மணல் போட்டுத் தேய்ச்சோ சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுத்தோ தான் விதைக்கணும், அத அவங்க சொல்லவே இல்ல, பையிலயும் ஒண்ணும் போடல, பாதி முளைக்கல. புதுசா விவசாயத்துக்கு வர்ற பசங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சொல்லிக் குடுக்கணுமுல்ல. ஆடு மாடு அவ்வளவா வாய் வெக்காத பயிருங்க அது, மேய்ச்சல் தொந்தரவு இருக்கற காட்டுக்கு ரொம்ப நல்லது.

களை விதை கலப்பு இல்ல, பில்லும் குடுக்கறாங்க. பைல முளைப்புத்திறன், தேதி ரெண்டும் பாத்து வாங்குங்க, ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே போயிருங்க, அப்பறம் தக்கைப்பூண்டு ஸ்டாக் இருக்கறதில்ல.