டாக்டர் ஹூ 19ஆம் சீசன் ப்ளூ-ரே: கதையை விட சோபா பெரிசு

பிபிசி 2018 இறுதியில் வெளியிட்ட 'டாக்டர் ஹூ: த கலெக்‌ஷன்' வரிசையின் 19ஆம் சீசன் பெட்டியில் 8 டிஸ்க்குகள், 7 கதைகள், 26 எபிசோடுகள். 1982 ஜனவரி முதல் மார்ச் வரை ஒளிபரப்பானவை. காலத்தில் பயணிக்கும் நாயகனான டாக்டராக நடிகர்கள் மாறிமாறி வரும் பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர் இது. பீட்டர் டேவிசன் ஐந்தாவது டாக்டராக வந்த முதல் வருடம். இந்தக் கதைகள் டிவிடியில் எப்போதோ வந்துவிட்டன. அப்புறம் எதற்கு மறுபடி காசு? பதில் 'பிஹைண்ட் த சோபா'.

பயந்த பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு டாக்டர் ஹூ பார்ப்பார்கள் என்பது பிரிட்டனில் பழகிப்போன பேச்சு. அதையே பெயராக வைத்து, நடித்தவர்களையே சோபாவில் உட்கார வைத்துப் பழைய எபிசோடுகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். டேவிசன், டாக்டரின் பயணத் துணைகளில் டீகனாக வந்த ஜேனட் ஃபீல்டிங், நிஸ்ஸாவாக வந்த சாரா சட்டன் மூவரும் ஒரே சோபாவில். டேவிசன் முகத்தை மாற்றாமல் தன்னையே வாரிக்கொள்வார். ஃபீல்டிங் யாரையும் விட்டுவைக்க மாட்டார். சட்டன் அமைதியாக இருந்து சரியான இடத்தில் ஊசி போடுவார். நாற்பது வருடக் கூட்டாளிகள் என்பதால் கிண்டலில் விஷம் இல்லை. எழுதிக் கொடுத்துச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சிகளில் இந்தப் பதம் வராது.

ஆனால் இதை ஆடியோ கமென்ட்ரி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். கமென்ட்ரி எபிசோடோடு கூடவே ஓடும். சோபா அப்படியல்ல, நான்கு எபிசோடுகளைச் சுமார் அரை மணி நேரத்துக்குள் வெட்டி ஒட்டியது. கதையின் துண்டுகள் விறுவிறுவென்று ஓடும், முடிவும் அதிலேயே உடைந்துவிடும். கதையைப் பார்க்காமல் நேராக சோபாவுக்குப் போனால் பாதி நகைச்சுவை தலைக்கு மேல் போய்விடும். வெட்டு சில இடங்களில் அவசரமும்கூட: யாராவது படப்பிடிப்பு விஷயம் ஒன்றை விரிக்கத் தொடங்கினால், அடுத்த சிரிப்புக்குத் தாவிவிடுகிறார்கள். அந்தக் குறையை பழைய டிவிடி கமென்ட்ரிகள் தீர்க்கும். அவையும் இந்தப் பெட்டியில் உண்டு.

சோபாவின் அருமை தெரிய 'கிண்டா' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய கிறிஸ்டோபர் பெய்லி பாத்திரங்களுக்கு துக்கா, அனிச்சா, அனத்தா, பன்னா, கருணா என்று பௌத்தச் சொற்களையே பெயராக வைத்தார். மனதுக்குள் புகும் தீமையின் பெயர் மாரா. மணிமேகலை படித்தவர்களுக்கு மாரனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கதை அவ்வளவு ஆழம், படமாக்கம் அவ்வளவு பரிதாபம். காட்டை ஸ்டுடியோவில் போட்டார்கள். ஒரே நேரத்தில் பல கேமராக்கள் ஓட வேண்டும் என்பதால் மேலிருந்து வெளிச்சத்தைக் கொட்டினார்கள். நிழல் செத்தது, செடிகளுக்கு நடுவே வழவழ ஸ்டுடியோ தரை பல்லிளித்தது. உச்சக்கட்டத்தில் மாரா ஒரு பெரிய இளஞ்சிவப்பு பொம்மைப் பாம்பாக எழும்புகிறது. இதற்கு மாற்றாகக் கணினியில் செய்த பாம்பை மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவை பார்ப்பவர்கள் அதைப் போடுங்கள், கதை பிழைக்கும். ஆனால் சோபாவுக்குப் போகுமுன் அசல் பாம்பை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். சிரிப்பு முழுக்க அதன் மேல்தான். சட்டன் இந்தக் கதையில் ஆரம்பத்திலேயே மயங்கி விழுந்து, கடைசியில்தான் திரும்பி வருகிறார். நடுவில் விடுமுறை.

'ஃபோர் டு டூம்ஸ்டே'யில் டாக்டர் தலைக்கவசம் மட்டும் மாட்டிக்கொண்டு விண்வெளியில் மிதக்கிறார். கிரிக்கெட் பந்தைக் கப்பலின் சுவரில் எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்து, அந்த உந்தலில் தன் கால இயந்திரமான டார்டிஸை அடைகிறார். எறியும்போது ஒரு தள்ளு, பிடிக்கும்போது இன்னொரு தள்ளு, தத்துவம் சரி. ஒரு பந்தின் எடைக்கு அத்தனை வேகம் வராது, அதைக் கண்டுகொள்ளக் கூடாது. 'பிளாக் ஆர்க்கிட்' இரண்டே எபிசோடு, 1925இல் நடக்கிறது. அதில் டேவிசன் பந்து வீசி ஸ்டம்பைச் சாய்ப்பது நிஜம், வெட்டி ஒட்டியதல்ல. 'த விசிட்டேஷன்' ஒழுங்கான கதை. ஒழுங்கு என்பதாலேயே சோபாவுக்கு அவ்வளவு தீனி இல்லை.

'எர்த்ஷாக்'கில் நிலைமை வேறு. 1975க்குப் பிறகு, டாக்டரின் பழைய எதிரிகளான சைபர்மேன்கள் திரும்பி வருவது இதில்தான். ரகசியம் உடையக் கூடாது என்று தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் டிவி நிகழ்ச்சிப் பத்திரிகையான ரேடியோ டைம்ஸின் அட்டைப்படத்தையே வேண்டாம் என்றார். இறுதியில் டாக்டரின் இன்னொரு பயணத் துணையான ஏட்ரிக் இறக்கிறான். அவனுடைய நொறுங்கிய பேட்ஜின் மேல் பெயர்ப்பட்டியல் இசையே இல்லாமல் ஓடும். ரிமோட்டைத் தேடாதீர்கள், சவுண்ட் போகவில்லை. அடுத்த கதையான 'டைம்-ஃபிளைட்' அந்தச் சாவை இரண்டொரு நிமிடத்தில் துடைத்துவிட்டு கான்கார்டு விமானத்தில் ஏறிவிடுகிறது. சீசன் கடைசி, பணம் தீர்ந்த நேரம். டைனோசர் காலத்து நிலப்பரப்பை ஸ்டுடியோவுக்குள் எழுப்பியது எட்டு ஊருக்குத் தெரியும். வில்லன் மாஸ்டர் காரணமே இல்லாமல் காலிட் என்ற வேடத்தில் இரண்டு எபிசோடு ஓட்டுவார். ரகசியம் காக்க நடிகர் ஆன்டனி எய்ன்லியின் பெயரையும் எழுத்து மாற்றி 'லியான் நை டாய்' என்று போட்டார்கள். பெட்டியிலேயே மோசமான கதை இது. சோபாவில் முதலிடமும் இதற்கே.

படத் தரத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். ஸ்டுடியோ காட்சிகள் 625 வரி வீடியோவில் பதிவானவை. ப்ளூ-ரேயில் பெரிதாக்கிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், அவ்வளவே. வெளிப்புறக் காட்சிகள் 16 எம்எம் பிலிம் என்பதால், கதவைத் திறந்து வெளியே போனதும் அசைவும் நிறமும் மாறும். கோளாறல்ல, அன்றைய வழக்கம். வீடியோ நொடிக்கு 50 அரைப்படங்களாக ஓடுவது. அசையும் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் கணினி பிளேயரில், அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் அமைப்பை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வையுங்கள், வெறும் யாடிஃப் வைத்தால் பாதி அசைவு போய்விடும். டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள், ஷார்ப்னெஸைக் குறையுங்கள். படம் 4:3. இரு பக்கக் கறுப்புப் பட்டையைப் போக்க இழுத்தால் எல்லோருக்கும் சட்டி முகம்தான்.

அன்று இந்த சீசனை சனிக்கிழமையிலிருந்து திங்கள், செவ்வாய்க்கு மாற்றி வாரம் இரண்டு எபிசோடாகப் போட்டார்கள். அதே கணக்கு இன்றும் பொருந்தும்: ஒரு இரவு இரண்டு, மறு இரவு இரண்டு, உடனே சோபா. ஒரே மூச்சில் நான்கு பார்த்தால் மூன்றாவதில் எல்லோரும் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருப்பது சலித்துவிடும்.

வாங்குமுன், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் ரீஜன் குறியைப் பாருங்கள். பிரிட்டன் ரீஜன் பி, அமெரிக்கா ஏ, இந்தியாவும் இலங்கையும் சி. மல்டி-ரீஜன் பிளேயர் இருந்தால் கவலை இல்லை. முதல் லிமிடெட் எடிஷன் விற்றுத் தீர்ந்து, பிறகு சாதாரண உறையில் மறுபடி வந்தது. சேகரிப்பவர் இல்லையென்றால் பழையதற்கு ஏலத்தில் மல்லுக்கட்டத் தேவையில்லை. இன்னொன்று: படப்பிடிப்புத் தகவல்களை ஓட்டும் எழுத்துகளும் சப்டைட்டில் தடத்தில்தான் வரும், இரண்டும் சேர்ந்து வராது. பிரிட்டிஷ் உச்சரிப்புக்கு சப்டைட்டில் தேவைப்படுபவர்கள் முதல் சுற்றில் அதை வைத்துக்கொண்டு, தகவலை இரண்டாவது சுற்றுக்கு விடுங்கள்.