டீசல் லொறிப் புகை சோதிக்கப் பழகுவது: கிளிநொச்சியிலா, கராஜிலா?

இலங்கையில் 2008 இலிருந்து வாகனப் புகைப் பரிசோதனை நடக்கிறது. புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. எங்கள் கராஜில் இருக்கும் பெடியனுக்கு இந்த வேலையைப் பழக்க வேண்டும் என்று வந்தபோது மூன்று வழிகள் தெரிந்தன. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம், புகை அளக்கும் மீற்றரை விற்பவர்கள் தரும் குறுகிய பயிற்சி, கராஜிலேயே வேலையோடு பழகுவது. நான் மூன்றாவதைத் தெரிவு செய்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

குறுகிய பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது, அறிக்கையை எப்படி எடுப்பது என்பதை அதில் பிடித்துவிடலாம். லொறியைப் பற்றி எதுவும் வராது.

கிளிநொச்சியின் பலம் அடிப்படை. 2016 இல் திறந்த நிறுவனம், வாகனத் தொழில்நுட்பம் ஒழுங்காகக் கற்பிக்கிறார்கள், கையில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழும் வரும். ஆனால் கராஜில் பழகுகிறவருக்கும் அந்தக் கதவு மூடவில்லை. அரசின் தொழிற்பயிலுனர் பயிற்சி அதிகாரசபையான நைற்றா மூலம் தொழிலிடப் பயிற்சியாகவோ, அனுபவத்தை மதிப்பிட்டோ என்.வி.கியூ. எடுக்கலாம். ஆகவே சான்றிதழை மட்டும் வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு. ஒரே லொறியைத் திருத்த முன்னும் திருத்திய பின்னும் பழகுகிறவர் தன் கையால் அளக்கிறாரா என்பதுதான் அது.

புகைச் சோதனை பார்க்கச் சுலபம். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. ஜே1667 முறையில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மூன்று தடவை மிதித்து சைலன்சரில் தேங்கிய கரியைத் தள்ளிவிட்டு, அடுத்த மூன்று அளவுகளின் சராசரியை எடுப்பார்கள். மிதிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்சிலேட்டரை ஒரேயடியாக அடிவரை மிதிக்க வேண்டும். மெல்ல மிதித்தால் புகை குறைவாகக் காட்டும், சோதனை பொய்யாகிவிடும். டீசல் பம்பில் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை யாராவது மாற்றி வைத்திருந்தால் அப்படி மிதித்ததும் எஞ்சின் அளவுக்கு மீறி ஓடி உடையலாம். அதனால் முதலில் மெதுவாக வேகத்தை ஏற்றி, கவர்னர் பிடிக்கிறதா என்று காதால் கேட்டுப் பழக வேண்டும். இது பல எஞ்சின்களில் பல தடவை செய்தால்தான் வரும். லேலண்ட் ஒருமாதிரிப் பிடிக்கும், கான்ரர் வேறுமாதிரி.

பிறகு எயார் பில்டரை மாற்றி அதே லொறியை மறுபடியும் அளக்க வேண்டும். புகை இறங்காவிட்டால் டீசலைத் தெளிக்கும் நோசில், அதுவும் சரியென்றால் பம்ப் டைமிங். எந்தக் கோளாறு எவ்வளவு புகை தருகிறது என்பது அப்படித்தான் மனதில் பதியும். புகை ஒளியை 50 சதவீதம் மறைக்கிறது என்று மீற்றர் காட்டினால், 0.43 மீற்றர் நீள ஒளிப்பாதைக்கு கே அளவு (புகையின் அடர்த்தியைக் காட்டும் எண்) ஏறக்குறைய 1.61 என்ற கணக்கும் அப்போதுதான் வெறும் எண்ணாக இல்லாமல் ஒரு லொறியோடு சேர்ந்து நினைவில் நிற்கும்.

மீற்றரைப் பராமரிப்பதையும் கூடவே பழகலாம். கண்ணாடியில் கரி படிந்தால் பூச்சியம் நகர்ந்துவிடும். துடைப்பது, பூச்சியம் பார்ப்பது, மறைப்பளவு தெரிந்த வடிகட்டிக் கண்ணாடி வைத்துச் சரிபார்ப்பது எல்லாம் எங்கள் கராஜில் பெடியனின் பொறுப்பு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கொமன் ரெயில் (கணினி கட்டுப்படுத்தும் டீசல் தெளிப்பு முறை), புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய புது லொறிகள் எங்களிடம் குறைவாகவே வருகின்றன. அவற்றில் ஸ்கானர் போட்டுப் பிழை வாசிக்கும் திறமைதான் முக்கியம். அந்தப் பக்கம் போக ஆசைப்படுகிற, ஓ.எல். முடித்த பிள்ளைக்கு கிளிநொச்சி மேலாக இருக்கலாம். அதில் என் அனுபவம் போதாது.

கராஜில் சேர்வதென்றால் முதலாளியிடம் முன்னரே ஒன்று கேளுங்கள்: மீற்றரைத் தொட விடுவீர்களா? சிலர் விலை கூடிய பொருள் என்று பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் வேறு கராஜ் பாருங்கள்.