லாஸ்பேட்டை மாடி வகுப்பு: எட்டு மாத அனுபவம்

கடலூரிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பையனோடு பாண்டிக்குப் பஸ் ஏறி எட்டு மாதம் ஆகிறது. போவது லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடிக்கு, டிஸ்லெக்ஸியா, அதாவது கெட்டிக்காரப் பிள்ளையையும் வாசிக்க, எழுதத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைகளுக்கான சின்ன வகுப்பு அது. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற டீச்சர். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் பெயர் போடவில்லை.

பையன் நாலாவது படிக்கிறான். பேச்சில் கெட்டிக்காரன், எழுத உட்கார்ந்தால் "கோவில்" "காவில்" ஆகிவிடும், "தோசை" "தாசை" ஆகிவிடும். அவன் பள்ளியில் டைரியில் சிவப்பு மையில் "கவனக்குறைவு, பத்து முறை எழுதவும்" என்று எழுதி அனுப்புவார்கள். அவனும் எழுதுவான், பத்து காவில். நானும் இரண்டு வருஷம் சோம்பேறித்தனம் என்றே நினைத்து அடித்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

இந்த டீச்சர் முதல் நாள் புத்தகத்தையே எடுக்கவில்லை. தட்டில் ரவையைக் கொட்டி விரலால் எழுதச் சொன்னார். அப்புறம் அட்டைத் துண்டுகள்: எழுத்து வெள்ளை, கொம்பு சிவப்பு, கால் நீலம். தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது, "கோ" என்றால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, இது நமக்குக் கண்ணிலேயே படாது, ஆனால் இவனுக்கு அங்கேதான் எல்லாம் கலைந்து போகிறது என்று அவர் காட்டித்தான் எனக்கே தெரிந்தது. வாயால் சொல்லிக்கொண்டே க வைத்து, இடப்பக்கம் இரட்டைக் கொம்பு, வலப்பக்கம் கால். கோவில் கோவிலாக வர இரண்டு மாதம் ஆனது. ல, ள, ழ இன்னும் தகராறுதான்.

ஒரு வகுப்பு முக்கால் மணி நேரம், 400 ரூபாய். ஒரு நேரத்துக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை, அதனால் இடம் கிடைக்க நாங்கள் நாலு மாதம் காத்திருந்தோம்.

குறை இல்லாமல் இல்லை. மாடிப்படி செங்குத்து, பெற்றோர் உட்கார ஒரு நாற்காலி கூடக் கிடையாது, வெயிலில் தெருவில்தான் நிற்க வேண்டும். கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இங்கே ஒன்றும் இல்லை, அதை அவரே சொல்லிவிடுகிறார். பெரிய சிக்கல், இந்தக் குறைபாட்டுக்கு அரசு தரும் சான்றிதழ் விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கேட்கலாம். ஆனால் டீச்சர் சொல்லும் வழி பாண்டிக்காரர்களுக்கானது, அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. நம் பிள்ளைக்கு ஸ்டேட் போர்டு, படிவம் வேறு, அலைய வேண்டியதும் கடலூர் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு. டீச்சர் சொன்ன வழியை நம்பி நான் ஒரு மாதம் வீணடித்தேன். மனநல ஆலோசகர் தரும் ரிப்போர்ட் வேறு, அரசுச் சான்றிதழ் வேறு என்பதையும் கடலூர் அலுவலகத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

வாசிக்கக் கற்க என்றால் தயங்காமல் போகலாம், சான்றிதழுக்கு இங்கே வழி கேட்காதீர்கள். போன வாரம் திரும்பும்போது அரியாங்குப்பத்தில் ஒரு கடைப் பலகையை "கோழிக் கறி" என்று சத்தமாகப் படித்தான், ழ மட்டும் ள ஆகியிருந்தது. பசியில் படித்தானோ என்னவோ, இறங்கி வாங்கிக் கொடுத்தேன்.