அம்மாவின் ரசக் கணக்கில் சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடைகள்

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் அம்மா முதலில் கேட்பது ரசம். இலை போடுவதற்கு முன்பே ஒரு சில்வர் டம்ளரில் வாங்கி இரண்டு மிடறு குடித்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் பேசாமல் பக்கத்தில் வைத்துக்கொள்வார். பிடிக்கவில்லை என்றால் டம்ளரை என் பக்கம் தள்ளிவிடுவார். முப்பது வருடம் பால்மரம் சீவியவர். இருட்டோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) போய், வெயில் ஏறிய பிறகு வீடு திரும்பி, ரசமும் சுட்ட கருவாடும் வைத்துச் சோறு சாப்பிட்டுப் பழகிய நாக்கு. அந்த நாக்கை நம்பித்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள், அப்புறம் பல இடங்களில் செம்பனை. தோட்டத்தில் இருந்தவரை நாங்கள் வெளியே சாப்பிட்டது சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகள்) விட்டு டவுன் ஓரத்துத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வந்த பிறகு, வாரம் ஒரு நாளாவது வெளியே சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எங்கே போவது என்பதில்தான் வீட்டில் சண்டை. அக்கா புதுக் கடை என்பாள், நான் பழைய கடை என்பேன், பிள்ளைகள் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) என்பார்கள். அதனால் சில மாதங்களாக எல்லாவற்றுக்கும் மாறி மாறிப் போய் வந்தோம். கடைகளின் பெயரை இங்கே எழுதவில்லை. குறையை அந்தந்தக் கடைக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், அது போதும்.

முதலில் இரண்டு வாழை இலைக் கடைகள். பழைய கடை ஒரு கணவனும் மனைவியும் நடத்துவது. மேலே காற்றாடி, பிளாஸ்டிக் நாற்காலி, பின்பக்கம் கை கழுவும் தொட்டி. புதுக் கடை பெருந்தொற்றுக்குப் பிறகு திறந்தது. குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன்கள் நான்கைந்து பேர். காய்கறிச் சாப்பாடு பழைய கடையில் 9 வெள்ளி (ரிங்கிட்), புதுக் கடையில் 12 வெள்ளி. இரண்டிலும் சோறும் காயும் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

ரசத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய கடை ரசத்தை டம்ளரில் பார்த்தாலே தெரியும். அடியில் நசுக்கிய மிளகு கரகரவென்று தங்கியிருக்கும், தட்டிப் போட்ட பூண்டு தோலோடு மிதக்கும், கொத்தமல்லித் தண்டு வாயில் தட்டுப்படும். குடித்த பிறகு தொண்டையில் ஒரு சூடு நிற்கும். சளி பிடித்தவர்கள் பாட்டில் கொண்டுவந்து வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். புதுக் கடை ரசம் தெளிவாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் புளிதான் முன்னால் நிற்கிறது. மிளகும் சீரகமும் அன்றைக்கு இடித்ததாகத் தெரியவில்லை. பொடியைக் கரைத்த வாசம் வருகிறது. மூன்று முறை போனோம், மூன்று முறையும் டம்ளர் என் பக்கம் வந்தது.

காய்கறியிலும் எனக்குப் பழைய கடைதான். மூன்றே வகை போடுவார்கள், ஆனால் அன்றைக்குப் பசாரில் (சந்தையில்) என்ன கிடைத்ததோ அதுதான் இலையில் இருக்கும். ஒரு ஞாயிறு முருங்கைக்கீரையும் பருப்பும், இன்னொரு ஞாயிறு பரங்கிக்காய், அதற்கடுத்த வாரம் நெத்திலி போட்ட பயற்றங்காய். பாகற்காயை மெல்லிசாக வெட்டி மொறுமொறுவென்று பொரித்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவருவார்கள். என் அக்கா மகனுக்குப் பாகற்காய் ஆகாது. அதைச் சிப்ஸ் என்று நினைத்து இரண்டு கை தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்றான். புதுக் கடையில் நான்கு வகை. எப்போது போனாலும் முட்டைகோஸ் உண்டு, வெள்ளரிக்காய்ப் பச்சடி உண்டு. குறை சொல்லும்படி எதுவும் இல்லை, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில் நிற்பதில்லை.

சோற்றில் இரண்டும் சமம். புழுங்கல், வெள்ளை என்று இரண்டு கடையிலும் கேட்டுப் போடுகிறார்கள். அம்மாவுக்குப் புழுங்கல்தான், குழம்பை வாங்கிக்கொண்டும் குழையாது.

இறைச்சி என்று வந்தால் கணக்கு மாறுகிறது, அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதுக் கடையின் ஆட்டிறைச்சிப் பிரட்டல் இந்த ஊரிலேயே நன்றாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரும், மசாலா கருப்பாகச் சுருண்டு ஒட்டியிருக்கும், கடைசியில் தூவிய பெருஞ்சீரகத்தூள் மணக்கும். பழைய கடை ஆட்டிறைச்சி சில நாள் வேகாமல் இழுக்கும். அதைச் சொன்னதற்குக் கடைக்கார அண்ணன், "கெடா கெடச்சா ஒரு மாதிரி, கெழடு கெடச்சா ஒரு மாதிரி தம்பி" என்றார். உண்மைதான், ஆனால் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவருக்கு அது பதில் ஆகாது. கிழட்டுக் கறி என்றால் இன்னும் அரை மணி நேரம் அடுப்பில் விட வேண்டும். மீனில் பழைய கடை திரும்பவும் முன்னுக்கு வந்துவிடும். வெண்டைக்காயும் மாங்காயும் போட்ட கெம்போங் (கானாங்கெளுத்தி வகை) மீன் கறி, முந்தின நாள் இரவே வைத்ததுபோல் புளி ஊறியிருக்கும். என்ன, ஒன்றரை மணிக்கு மேல் போனால் குழம்பு மட்டும்தான் மிச்சம்.

இதையும் பழைய கடைக்கார அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ரெண்டு மணிக்கு வந்தா என்ன இருக்கும்? பன்னெண்டரைக்கு வாங்க, இல்ல காலையில ஒரு போன் போடுங்க, அம்மாவுக்கு வால் துண்டா எடுத்து வைக்கிறேன்" என்றார். அதிலிருந்து ஞாயிறு காலை போன் போட்டுவிடுகிறேன்.

இனி, புதுக் கடையில் எனக்கு இருந்த பெரிய மனக்குறை. முதல் முறை போனபோது ஒரு பையன் பெரிய தட்டில் பொரித்த மீன், கணவாய், இறால் எல்லாம் அடுக்கி மேசைக்கு மேசை கொண்டுவந்தான். அக்கா கணவாயை எடுத்தாள். விலை கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கல்லாவில் போய் நின்றபோது அந்தச் சின்னத் தட்டுக்கு மட்டும் 28 வெள்ளி. கணக்கை வாயால்தான் சொன்னார்கள், சீட்டு இல்லை. அம்மா வீடு வரும்வரை பேசவில்லை. 28 வெள்ளிக்குத் தோட்டத்தில் அவர் எத்தனை மரம் சீவியிருப்பார் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சாப்பாட்டுக் கடையில் விலையை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். நான் சட்டம் பேசப் போகவில்லை. அடுத்த நாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, சாப்பாடு நல்லா இருந்தது, ஆனா எங்கம்மா மனசு நொந்து போச்சு" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் போனபோது சுவரில் விலைத்தாள் ஒட்டியிருந்தது, கணக்கும் சீட்டில் எழுதி வந்தது. தட்டைக் கொண்டுவந்த பையன், "கணவா 22 வெள்ளி, அக்கா" என்று முன்கூட்டியே சொன்னான். விலையையும் குறைத்திருக்கிறார்கள். அதற்காகவே அந்தக் கடைக்குத் திரும்பப் போகிறோம்.

சுத்தத்தில் புதுக் கடைக்குத்தான் என் ஓட்டு. நகராண்மைக் கழகத்தின் தர அட்டை அங்கே 'ஏ', பழைய கடையில் 'பி'. உணவைக் கையாளுகிறவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், சமையலறை மோசமாக இருந்தால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி 14 நாள் வரை கடையை மூடலாம். பழைய கடையில் பயப்படும்படி எதுவும் நான் பார்க்கவில்லை. ஆனால் கை கழுவும் இடத்தில் தரை எப்போதும் ஈரம். அம்மா வயதில் ஒருவர் வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். இரண்டு முறை சொல்லியும் இன்னும் ரப்பர் விரிப்பு போடவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போகிறேன்.

மாமாக் கடையை இந்த இரண்டோடும் ஒரே தராசில் வைக்க முடியாது. அது வேறு பசிக்கு. இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார அதைவிட நல்ல இடம் இந்த டவுனில் இல்லை. 2019 ஜனவரியிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்ததால் மேசையில் புகை நாற்றமும் இல்லை. எங்கள் ஊர்க் கடையில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) போடுகிறவர், வெந்த ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் படபடவென்று அடித்து உதிர்த்துத் தட்டில் போடுவார். அந்த அடி இல்லாவிட்டால் ரொட்டி தோல் மாதிரி கிடக்கும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாய், தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) மூன்றும் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024இல் தன் பட்டியலில் சேர்த்தது. எங்களுக்கு அது வெறும் பசியாறல் (காலைச் சாப்பாடு). ஆனாலும் செய்தி கேட்ட அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாமாக் கடையின் நாசி கண்டார் மட்டும், பிடிக்குமா பிடிக்காதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோள் கம்பின் இரு பக்கமும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்ற சாப்பாடு அது. கம்பில் சுமப்பதற்கு மலாயில் கண்டார். அதன் ருசியே எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவதில்தான் இருக்கிறது. அங்கே மாட்டிறைச்சிக் குழம்பும் இருக்கும், அம்மா அதைத் தொடமாட்டார். "பாய், மாட்டுக்கறி குழம்பு வேணாம், கரண்டி மாத்திப் போடுங்க" என்றால் அவர் முகம் சுளிக்காமல் வேறு கரண்டி எடுக்கிறார். இருந்தாலும் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அவருக்கு தோசையும் தே ஓவும் (பால் சேர்க்காத தேநீர்) மட்டும் சொல்லிவிடுவோம்.

தோசை என்றதும் இன்னொன்று. எங்கள் தாமான் நுழைவாயிலில் மாலை ஐந்து மணிக்கு ஒட்டுக்கடை போடும் ஆன்ட்டி. முன்பு பக்கத்துத் தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் (குழந்தைகள் காப்பகம்) பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். ஒரு கல், நான்கு நாற்காலி, தோசை 1.80 வெள்ளி. மாவு வீட்டில் அரைத்தது, புளிப்பு சரியாக இருக்கும். தேங்காய்ச் சட்னியோடு ஒரு சின்ன வெங்காயச் சம்பாலும் தருவார். நாற்காலி கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு சாப்பிட வேண்டும், கை துடைக்க டிஷ்யூ நாமே கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் சம்பாலில் உப்பு கூடிவிட்டது என்று அம்மா சொன்னதும், அந்தச் சட்டியையே ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "இன்னிக்கு யாருக்கும் போடலக்கா" என்றார்.

ஆக, அம்மாவோடு ஞாயிறு மதியம் என்றால் பன்னிரண்டரைக்குப் பழைய கடை. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்து ஆட்டிறைச்சி கேட்டால் புதுக் கடை, ரசம் மட்டும் சொல்லாதீர்கள். இரவில் பிள்ளைகளோடு மாமாக் கடை. ஆன்ட்டி கடைக்கு ஆறு மணிக்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதால் கடை கிடையாது, மழை பெய்தாலும் கிடையாது.