சேதுச்சீமையில் ஒரு வாரம்: தீவில் தங்குவதா, ஊரில் தங்குவதா, கரையோரமாக வருவதா?

தை பிறந்தால் எங்கள் வீட்டு போன் ஓயாது. "ஏம்ப்பா, ஒரு வாரம் லீவு போட்டிருக்கு, ராமேஸ்வரம் வர்றோம். எங்க தங்கினா தோது?" என்று சொந்தக்காரர் யாராவது கேட்பார்கள். ராமநாதபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையும் என் தலையில் விழும். அதைச் சந்தோஷமாகத்தான் செய்கிறேன். இதுவரை மூன்று குடும்பங்களோடு மூன்று விதமாக ஏழு நாள் சுற்றிவிட்டேன். ராமேஸ்வரத்திலேயே அறை போட்டது ஒன்று. ராமநாதபுரத்தில் தங்கி தினமும் போய்வந்தது ஒன்று. தொண்டியில் தொடங்கிக் கரையோரமாகவே இறங்கித் தீவில் முடித்தது ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனம் எங்கே நிற்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராமேஸ்வரம் கடைசியில்தான் வர வேண்டும்.

தீவில் தங்கினால்

கோயம்புத்தூர் சித்தப்பா குடும்பம் வந்தபோது ஒரு டிராவல்ஸில் மொத்தமாகப் பேசி ஆறு ராத்திரிக்கும் ராமேஸ்வரத்திலேயே அறை எடுத்துவிட்டார்கள். அதில் ஒரு பெரிய நன்மை உண்டு. விடியற்காலை ஐந்து மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு எழுந்து நடந்தே போய்விடலாம். தரிசனம் முடிந்ததும் கூட்டம் ஏறுவதற்குள் மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றி வாருங்கள். 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எண்ணிப் பார்க்கத் தோன்றாது. ஒரு மூலையில் நின்றால் மறுமுனை சின்னதாகி இருட்டுக்குள் போய்விடும். தீர்த்தமாடி வருகிறவர்களின் ஈரக்கால் தடம் கல்லில் காயாமல் கிடக்கும். பகல் பதினோரு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தப் பிரகாரம் கிடைக்காது. அவர்கள் பார்ப்பது வரிசையை.

ஆனால் கோயில், 22 தீர்த்தம், அக்னி தீர்த்தக் கடல், தனுஷ்கோடி, பேக்கரும்பில் கலாம் நினைவிடம், பள்ளிவாசல் தெருவில் அவர் வீடு, குந்துகாலில் விவேகானந்தர் நினைவிடம், இவ்வளவையும் நிதானமாகப் பார்க்க மூன்று நாள் தாராளம். நாலாவது நாளிலிருந்து தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ராமநாதபுரமே கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். அங்கிருந்துதான் மற்ற ஊர்கள் பிரியும். குளித்து, இட்லி சாப்பிட்டு, பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கிளம்பவே எட்டரை ஆகிவிடும். வழியில் இரண்டு இடம் பார்த்தால் உச்சிவேளை நெருங்கிவிடும். கோயில் நடை சாத்துகிற நேரம்.

உத்தரகோசமங்கையில் அப்படித்தான் ஆனது. சித்திக்குத் திருவாசகம் பாதி மனப்பாடம். நீத்தல் விண்ணப்பத்தில் பாட்டுக்குப் பாட்டு "உத்தரகோசமங்கைக்கரசே" என்று மாணிக்கவாசகர் கூப்பிடுகிற ஊர் இது என்பதால்தான் இந்தப் பக்கமே வர ஆசைப்பட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கதவு சாத்தியாகிவிட்டது. மறுபடி திறக்கும்வரை காத்திருக்கலாம் என்றேன். இன்னும் இரண்டு இடம் பாக்கி இருக்கிறது என்று டிரைவர் சொல்லிவிட்டார். தாழம்பூ வாங்கின கையோடு சித்தி வாசலில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தீவில் தங்கிக்கொண்டு கரையைப் பார்க்க நினைத்த திட்டமே தப்பு.

ராமேஸ்வரத்தை மட்டும் பார்க்க வருகிறவர்கள், திதி கொடுக்க வருகிறவர்கள் தீவில் தங்குவதே சரி. ஒரு வாரத்துக்கு அது ஒத்துவராது.

ஊரில் தங்கினால்

இரண்டாவது தடவை வந்தது என் அத்தை. எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. தினம் ஒரு லாட்ஜ் மாறுகிற கதையெல்லாம் ஆகாது. ராமநாதபுரத்திலேயே தங்கவைத்தேன். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். திருப்புல்லாணி பத்து கிலோமீட்டர். தேவிபட்டினம் பதினைந்து. கீழக்கரையும் உத்தரகோசமங்கையும் இருபதுக்குள். எல்லாவற்றுக்கும் டவுன் பஸ் உண்டு. காலையில் ஓர் ஊர், மதியம் வீட்டில் படுத்து எழுந்து சாயங்காலம் ஓர் ஊர் என்று போகலாம்.

உத்தரகோசமங்கைக்கு இந்த முறை நடை திறந்த கையோடு போய்விட்டோம். "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், அவ்வளவு பழைய தலம். மற்ற சிவன் கோயில்களில் ஒதுக்கிவைக்கிற தாழம்பூவை இங்கே சாத்துகிறார்கள். மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக்காப்புக்குள்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் அந்தச் சந்தனம் களையப்படும். அன்றைக்கு ஊர் தாங்காத கூட்டம். அத்தை சாதாரண நாளில் கம்பிக்கதவுக்கு வெளியே உட்கார்ந்து அந்தச் சந்தன உருவத்தையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பச்சை தெரியலைன்னா என்ன, உள்ள இருக்கார்ல" என்றார்கள்.

ஊரில் தங்குவதன் இன்னொரு லாபம் ராமலிங்க விலாசம் அரண்மனை. தீவில் தங்குகிறவர்கள் இதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. கட்டியவர் இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி, போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர். சுவர் ஓவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். ராமாயணமும் கண்ணன் கதையும் ஒருபுறம் இருக்கட்டும். தஞ்சை மராட்டியரோடு நடந்த போரையும், சேதுபதி வெள்ளைக்காரர்களுக்குப் பேட்டி கொடுப்பதையும் தேடிப் பாருங்கள். தொப்பியும் நீள அங்கியுமாக நம் ஓவியன் அவர்களைத் தன் கண்ணுக்குப் பட்டபடி தீட்டியிருக்கிறான். கடல் வழியாக யார் யார் வந்தார்கள் என்பதற்குச் சுவரே சாட்சி. விளக்கு வெளிச்சம் போதாது, கண் பழக நேரம் கொடுக்க வேண்டும். திறந்திருக்கும் நாளை முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

குறை ஒன்று உண்டு. ஊரிலிருந்து கடல் தெரியாது. தினமும் போய்த் தினமும் அதே அறைக்குத் திரும்புவதால், பார்த்த இடங்கள் தனித்தனிப் படங்களாகத்தான் மனதில் தங்கும். ராமேஸ்வரத்தின் அந்த விடியற்காலையும் கிடைக்காது, ராத்திரி இரண்டரைக்குக் கிளம்பினால் ஒழிய. ஆனாலும் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கரையோரமாக வந்தால்

அந்தக் காலத்தில் சேது யாத்திரை வந்தவர்கள் நேரே ராமேஸ்வரத்தில் போய் இறங்கவில்லை. உப்பூரில் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினம் நவபாஷாணத்தில் நீராடி, திருப்புல்லாணி, சேதுக்கரை என்று கடலைத் தொட்டுத் தொட்டு வந்து கடைசியில்தான் தீவுக்குள் போனார்கள். அவர்களுக்குச் சத்திரம் கட்டி, வழியைக் காவல் காத்ததால்தான் மன்னருக்கே சேதுபதி என்று பெயர். பெங்களூரிலிருந்து அத்தை மகனும் மனைவி பிள்ளைகளும் வந்தபோது இந்த வழியையே எடுத்துக்கொண்டு, வடக்கே தொண்டி வரை நீட்டினேன். முதல் ராத்திரி தொண்டியில், நடுவில் மூன்று ராத்திரி ராமநாதபுரத்தில், கடைசி இரண்டு ராமேஸ்வரத்தில்.

முதல் நாள் திருவாடானையில் சம்பந்தர் பாடிய ஆதிரத்தினேஸ்வரர் கோயில். அங்கிருந்து ஓரியூர். லிஸ்பனில் பிறந்து, மறவர் நாட்டில் ஊழியம் செய்த அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்ட இடம். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. கோயிலை ஒட்டியுள்ள மண் சிவப்பாக இருக்கும், அவர் ரத்தத்தால் சிவந்தது என்பது நம்பிக்கை. சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் ஒரு பிடி முடிந்துகொண்டு போகிறார்கள். அத்தை மகனின் சின்ன மகளும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

ஓரியூரை ஏன் முதலில் வைக்கச் சொல்கிறேன் என்றால், அருளானந்தரைப் பிடித்துச் சிறைவைத்தது கிழவன் சேதுபதி ஆட்சி. ராமலிங்க விலாசம் அவர் கட்டியது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருடைய உற்ற நண்பர். ஒரே மனிதரின் கோபமும் கலையும் நட்பும் இந்தக் கரையில் மூன்று ஊராகக் கிடக்கின்றன. தனித்தனியாகப் போய்வந்தால் இது பிடிபடாது. வரிசையாக வந்தபோது எனக்கே அப்போதுதான் பிடிபட்டது.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகர், மேலே கூரையில்லை, வெயில் நேரே அவர்மேல் விழும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்களாக ஒன்பது கல், சுற்றி நடைமேடை. அரை மணி போதும். அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டி ரோமானியக் காசுகளும் கப்பல் கீறிய பானை ஓடும் எடுத்திருக்கிறது. வைகை கடலில் சேரும் பழைய துறைமுகம் அது. ஆனால் இப்போது போனால் கண்ணுக்கு எதுவும் பெரிதாகப் படாது. வரலாற்றுப் பித்து இருந்தால் மட்டும் போங்கள்.

திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கிறார். பக்கத்தில் சீதை இல்லை, ஏனென்றால் கதையில் அந்த நேரம் அவள் இலங்கையில் இருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு நாலு கிலோமீட்டரில் சேதுக்கரைக் கடலில் போய் நின்றால், எதிரே வெறும் தண்ணீர்தான். கதை கேட்ட குழந்தைகள் அங்கே பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கீழக்கரைக்கு ஒரு நாள் முழுசாக வையுங்கள். சீதக்காதி காலத்து ஜும்மா பள்ளிவாசலைக் கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள். தூணும் அதன் தலையில் இருக்கும் போதிகையும் நம் கோயிலில் பார்ப்பவைதான், உருவம் மட்டும் இருக்காது, அந்த இடத்தில் பூ இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பெண்கள் எதுவரை போகலாம் என்பதையும் அங்கேயே கேட்பது மரியாதை. உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் பாடவைத்த வள்ளல் வாழ்ந்த ஊர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று பள்ளியில் படித்ததோடு விட்டுவிட்டோம்.

அங்கே ஒரு கடையில் தொதல் கிண்டுவதைப் பார்த்தோம். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் வெல்லமும் பெரிய உருளியில் கொதிக்க, ஆளுயரத் துடுப்பை இரண்டு பேர் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எவ்வளவு நேரம் காக்கா கிண்டணும்?" என்று கேட்டேன். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். "எண்ணெய் தானா கக்கணும் தம்பி. அதுவரைக்கும் கை எடுக்கக் கூடாது" என்றார். தேங்காய்ப் பாலிலிருந்து எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கியபோது ஒரு துண்டை இலையில் வைத்து நீட்டினார். கறுப்பாக, அல்வாவைவிட அழுத்தமாக இருந்தது. ஏர்வாடி தர்காவையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். சந்தனக்கூடு சமயத்தில் மட்டும் அதற்கே ஒரு நாள் வேண்டும்.

ஐந்தாம் நாள் காரை விட்டுவிட்டு ரயிலில் தீவுக்குப் போனோம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் போவது 2022 கடைசியில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு செங்குத்தாக மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடும். தரைப்பகுதியை நாலு நாள் பார்த்துவிட்டுக் கடல்மேல் போகிற அந்தச் சில நிமிஷம் சும்மா ஒரு காட்சியாக இருக்காது, தீவு என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரியும். மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஊரே போன இடம். இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு நிமிஷம் சும்மாவும் நிற்க வேண்டும். அரிச்சல்முனையில் பெண்கடல் என்கிற வங்கக் கடலும் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடாவும் பக்கத்தில் பக்கத்தில். பொழுது சாய்வதற்குள் வண்டிகளைத் திருப்பச் சொல்லிவிடுவார்கள், மதியமே போய்விடுங்கள்.

இந்த வழியின் சிரமங்களையும் சொல்ல வேண்டும். தொண்டியில் சாதாரண லாட்ஜ்தான் கிடைக்கும். ஓரியூர்ப் பக்கம் பஸ்ஸை நம்பினால் பாதி நாள் காத்திருப்பிலேயே போகும், முதல் இரண்டு நாளுக்குக் கார் வேண்டும். பெட்டியை மூன்று முறை கட்ட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நான் யாரையும் இந்த வழியில் கூட்டிப்போக மாட்டேன். தை, மாசிதான் தோது. தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பதே பாடு. அந்த நாட்களைத் தள்ளிப் போடுங்கள்.

நாலு நாள்தான் லீவு என்றால் தேவிபட்டினத்தையும் அழகன்குளத்தையும் விடுங்கள், ஓரியூரையும் கீழக்கரையையும் விடாதீர்கள், தீவுக்கு இரண்டு ராத்திரி வையுங்கள். உத்தரகோசமங்கைக்கு மட்டும், எங்கே தங்கினாலும் சரி, காலை நடை திறக்கும்போதே போய்விடுங்கள். சித்தி இந்தத் தை மாதம் மறுபடி வருகிறார்கள். முதல் நாளே அங்கேதான் கூட்டிப்போகிறேன்.