ஒழுகும் இன்ஜெக்டர்: கேஜ் மாட்டுவதா, ரெயிலைக் கழற்றுவதா?

பழைய எம்.பி.எஃப்.ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் காரைச் சூடாக நிறுத்தி, அரை மணி கழித்து எடுத்தால் நெடுநேரம் செல்ஃப் அடித்துக் கரும்புகையோடு கிளம்புகிறதா? பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகலாம். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது சுலபம். பல கார்களில் 3 பார் அளவில் இருக்கும் பெட்ரோல் அழுத்தம், இன்ஜினை அணைத்ததும் மளமளவென இறங்கினால் எங்கோ கசிகிறது. எங்கே என்று அது சொல்லாது, பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வோ, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரோ பழுதானாலும் இப்படித்தான் இறங்கும்.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலை இன்ஜெக்டர்களோடு தூக்கி, அடியில் அட்டை வைத்துச் சாவியை மட்டும் ஆன் செய்தால் எந்த முனை சொட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஆனால் இன்ஜெக்டர்களை ரெயிலோடு கம்பியால் கட்டுங்கள், இல்லையென்றால் அழுத்தத்தில் கழன்று பெட்ரோல் பீச்சும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும், தீயணைப்பான் கையருகே இருக்கட்டும். நான் முதலில் கேஜ்தான் மாட்டுவேன், அழுத்தம் இறங்கினால் மட்டுமே அப்புறம் ரெயில்.