வீட்டுக்கல்விப் பதிவு: நோட்டா, பைலா, போனா, பட்டியலா?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரிடம், "என்ன படிச்சான்னு எதுல எழுதி வைக்கிறீங்க?" என்று கேட்டால் மதுரைப் பக்கம் நான்கு விதமான பதில் வரும். சிலர் தினமும் நோட்டில் எழுதுகிறார்கள். சிலர் வரைந்ததையும் எழுதியதையும் பைலில் கோக்கிறார்கள். சிலருக்குப் போன் போதும். இன்னும் சிலர் சமச்சீர்ப் புத்தகத்தின் பொருளடக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு டிக் அடிக்கிறார்கள்.

ஒரே நாளை நான்கிலும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒன்பது வயதுப் பெண்ணோடு, 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் ஒரு காலைப்பொழுது. பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச்சில்லைப் பார்த்ததும் "அவங்களும் பாண்டி ஆடுனாங்களா?" என்றாள். பானை ஓட்டில் கீறியிருந்த தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளில் தன் பெயரின் எழுத்துகளைத் தேடி, எழுதியும் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் உடைந்த ஓடு ஒன்றைத் தரையில் உரசி, தானே ஒரு சில்லு செய்யப் பார்த்தாள். இருட்டும்வரை உரசியும் வட்டம் வரவில்லை. "இதுக்கு நடு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

போனில் இந்த நாள் ஏகப்பட்ட படங்களாக இருக்கும். கண்ணாடிப் பெட்டி, கண்ணாடிப் பெட்டியில் நம் நிழல், வாசலில் நின்று ஒரு செல்ஃபி. அந்தக் கேள்வி மட்டும் எதிலும் இருக்காது. ஆறு மாதம் கழித்துத் தேடினால் கல்யாண வீட்டுப் படங்களுக்கு நடுவில் கிடக்கும். ஆனால் ஒரு வேலைக்குப் போனை அடிக்க ஆளில்லை: குரல். பிள்ளை வாய்விட்டு வாசிப்பதை மாதம் ஒருமுறை, ஒரே அளவுப் பத்தியாக, பதிவு செய்து தேதி போட்டு வைத்தால், எழுத்துக் கூட்டி வாசித்தது எப்போது தடையில்லாமல் ஓடத் தொடங்கியது என்று காதாலேயே கேட்கலாம். இதை எந்த நோட்டிலும் எழுதிக் காட்ட முடியாது.

பைலில் நுழைவுச்சீட்டும் தமிழியில் எழுதிய பெயரும் சேரும். கோணலாய்ப்போன சில்லு சேராது. பைலின் குறையே அதுதான். தாளில் வந்தது மட்டும் தங்கும், அதிலும் அழகாக வந்தது மட்டும். இருந்தாலும் அதற்கென்று ஒரு பயன் உண்டு. வீட்டுக்கல்விக்குக் கல்வி அதிகாரியைவிடக் கண்டிப்பான ஆய்வாளர் அப்பத்தாதான். "புள்ள என்னத்தப் படிக்குது?" என்று அவர் ஆரம்பிக்கும்போது நோட்டை நீட்டினால் எடுபடாது. பைலைப் புரட்டிக் காட்டினால் அன்றைக்கு அந்தப் பேச்சு முடியும்.

பட்டியல்தான் பெற்றோருக்கு அதிகத் தைரியம் தருவது, அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. கீழடி நாளுக்கு எங்கே டிக் அடிப்பது? தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் வருகின்றன, இவளுக்கோ ஒன்பது வயது. கணக்கில் மட்டும் பட்டியல் அவசியம். வகுத்தல் பிடிபடாமல் பின்னத்துக்குத் தாவினால் பிறகு திரும்பி வரத்தான் வேண்டும். அதிலும் வகுப்பு வாரியாக வேண்டாம், நிலை வாரியாக வையுங்கள். அரசே 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியபோது சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தானே பிரித்தது?

மிச்சம் நோட்டு. நான் நோட்டுக் கட்சி. அன்றைய பதிவு மூன்றே வரி: 'அவங்களும் பாண்டி ஆடுனாங்களா என்று கேட்டாள். தமிழியில் பெயர் எழுதினாள், ழ தடுமாறுகிறது. சில்லு உரசினாள், நடு எங்கே என்கிறாள்.' இதில் கடைசி வரிதான் முக்கியம். மறுநாள் காம்பஸ் எடுத்து மையமும் ஆரமும் சொல்லித்தரலாம் என்று அது நமக்குச் சொல்கிறது. மற்ற மூன்றும் நடந்ததைக் காட்டுகின்றன, நோட்டு அடுத்து என்ன என்பதைக் காட்டுகிறது. ஆனால் 'தமிழ் ஒரு மணி, கணக்கு ஒரு மணி' என்று எழுதினால் அது நோட்டே இல்லை, வருகைப்பதிவேடு. பிள்ளை சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனால் போகட்டும், உட்கார்ந்து கற்பனையில் நிரப்பாதீர்கள்.

"நாளைக்குப் பள்ளியில் சேர்க்கும்போது இதெல்லாம் கேட்பார்களே?" என்ற பயத்தில்தான் பலரும் பைலைக் கொழுக்கவைக்கிறார்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். சேர்க்கைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக்கூடாது. ஆகவே முதலில் பத்திரமாக வைக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ். பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாம் வகுப்புக்குப் பதிவதென்றாலும் 14 வயது நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒன்பது வயதில் ஒட்டிய இலையைக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அங்கே பதிந்த பிறகு கதை வேறு. ஒப்படைப்புகள் எழுதித் தர வேண்டும், அவற்றுக்கு மதிப்பெண்ணும் உண்டு. அறிவியல் எடுத்தால் செய்முறைப் பதிவேடும் சேரும். அந்த வயதில் பட்டியலைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடலாம், டிக் அடிப்பது அவள் வேலை.